ஃபியூஸில் சுற்றிய ஜரிகை

பழைய வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன் முந்தானையை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வது என் வழக்கம். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னாமா, ஆபரேசன் பண்ணப் போற மாதிரி நிக்கற" என்பார்கள். சிரிக்கட்டும். தங்கள் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் கோலம் போடுவார்கள், நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவார்கள், வண்டியின் வெளிப்புறத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள். வயிறு மட்டும் குப்பைமேடு. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு, அதன் மேல் போன வருஷத்துச் சந்தனம். ஆல்டர்னேட்டரின் மேல் வழிந்து காய்ந்த எண்ணெய், அதில் ஒட்டிக்கொண்ட தலைமுடி. ஒருமுறை ஒரு காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் இலையோடு கோயில் இட்லி, பச்சைப் பூஞ்சை பிடித்து, சுற்றிலும் எலிப் புழுக்கை. கார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அடடா, பிரசாதமாச்சே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான சீசன். என்ஜின் மேல் பொரியும் கடலையும் தூவிவிடுவார்கள். சாமிக்கு வைத்ததாம், எடுத்துப் போடக் கூடாதாம். பொரிக்கு வந்த எலி, பொரி தீர்ந்ததும் ஒயரைத் தின்னும். பிறகு ஹாரன் அடிக்கவில்லை, வைப்பர் ஓடவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாரோ கண்ணு வெச்சிட்டாங்கமா" என்பார்கள். எலிக்கு விருந்து வைத்துவிட்டு ஊர்க் கண்ணைச் சொல்கிற ஜனங்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. வண்டியைப் பார்ப்பது என் வீட்டுக்காரர், மேஜையைப் பார்ப்பது நான். ஓடுகிற வண்டிக்குக் கரண்ட் கொடுத்து, பேட்டரியையும் நிரப்புகிறது ஆல்டர்னேட்டர். அதைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. பிரித்து, எரிந்துபோன தாமிரக் கம்பியை உருவிப் போட்டுப் புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. அவருடைய பழைய சட்டை ஒன்றைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எத்தனை காயில் வந்தாலும் சுற்றுவேன். தறிக்காரர் வீட்டுப் பெண் நான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றியவள். நூலுக்குப் பதில் கம்பி, அவ்வளவுதான்.

அவர் தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் காறித் துப்பாத குறையாக நடந்த கல்யாணம் எங்களுடையது. நூல் வேலை எதுவும் தெரியாத கை அவருக்கு. முடிச்சே போட வராது. எதைக் கட்டினாலும் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், கடைசியில் நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகி, அந்தப் பக்கம் இழுத்து ஒட்ட நறுக்கிவிடுவார். நுனி எங்கே போனது என்று தேடினாலும் கிடைக்காது. துடைப்பக்கட்டு, கொசுவலைக் கயிறு, மகளின் உடைந்த குடைக் கைப்பிடி எல்லாம் அப்படித்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரில் அவரைத் தங்கமானவர் என்பார்கள். இல்லை, முடியாது என்ற இரண்டு வார்த்தைகள் அவர் வாயில் வராது. ஒத்தை ஹெட்லைட்டுக்கு அனுமதித்த இடத்தில் நாலு விளக்கு வேண்டும் என்று ஒருவன் வந்து நின்றால், நான் போடாதே என்பேன், அவர் "பண்ணிக்கலாம்பா" என்பார். ஊருக்கு நல்லவராக இருப்பது சுலபம். அந்த நல்லதனத்தின் கசடைக் கழுவுவதற்கு வீட்டில் ஒருத்தி இருந்தால் போதும்.

என் தம்பி கதைக்கு வருகிறேன். தறிக்குழியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று சொல்லி அவன் ஒரு பழைய டீசல் வேன் வாங்கினான். அதற்கு முன் அதை வைத்திருந்தது ஒரு சமண விவசாயக் குடும்பம், நயினார் வீட்டு வண்டி. விதைநெல்லும் வீட்டு மனிதர்களும் ஏறிய வண்டி. பானெட்டைத் திறந்தால் அடுக்களை மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஒயரும் அதனதன் இடத்தில், ஒவ்வொரு ஃபியூஸும் அதனதன் அளவில். வண்டி கைமாறிய அன்றே நான் அவனிடம் சொன்னேன், இதில் எதையும் தொடாதே, ஓட்டு, அது போதும் என்று.

அவன் தொட்டான். எங்கள் தெருவிலிருந்தும் சுற்றுத் தெருக்களிலிருந்தும் ஏனாத்தூர் கல்லூரிக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிப் போய் சாயங்காலம் இறக்கிவிடுவது அவன் தொழில். என் மகளும் அதில்தான் போகிறாள். மாமா வண்டி, நம்பி அனுப்பலாம். அந்தப் பெண்களைக் கவருவதற்காகக் கூரை முழுக்க நீலமும் ரோஜாவுமாக எல்.ஈ.டி. ஒட்டினான். பின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பூசணிக்காய் அளவில் ஒரு ஸ்பீக்கர். ஃபேன்கள், செல்போன் சார்ஜர்கள், முன்னால் லாரிக்குப் போடுகிற ஹாரன். கண்ணாடிக்கு மேல் ஒரு சாமி படம், அதைச் சுற்றியும் ஓடி ஓடி எரிகிற விளக்கு. முதல் தடவை அதற்குள் ஏறிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்துக் கழிவறைக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது.

இவ்வளவையும் தாங்க அந்த வண்டியின் சின்ன ஆல்டர்னேட்டரால் முடியுமா? தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. பெண்கள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்கள். என்னிடம் வந்தால் திட்டுவேன் என்று வேறு எங்கேயோ போய்ப் புது பேட்டரி மாற்றினான். அதுவும் செத்தது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பேச்சைக் கேட்டு, ஏ.சி. கார் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டினான். ஒயர் மட்டும் நயினார் காலத்து ஒயர். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதில் எங்கள் வம்சத்துக்கு ஈடு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"மா, மாமா வண்டியில முடி கருகற நாத்தம் வருதுமா. ரெண்டு பேரு வாந்தியே எடுத்துட்டாங்க."

"உங்க மாமன் இன்னா சொல்றான்?"

"எலி செத்துருக்குதுன்றாரு. தேடிக்கினே இருக்காரு."

தம்பி எலியைத் தேடிச் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டான். எலி கிடைக்கவில்லை. ஒரு மல்லிகை செண்ட் பாட்டிலை வாங்கித் தொங்கவிட்டான். காலையில் சாம்பிராணி போட்டான், ஊதுவத்தி கொளுத்தினான். கருகிய முடி, மல்லிகை செண்ட், சாம்பிராணி, டீசல், இத்தனையும் ஜன்னலை மூடிய வேனுக்குள். இதில்தான் என் பெண் தினமும் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் பேட்டரி மறுபடியும் செத்து, வேறு வழியில்லாமல் எங்கள் கடைக்கு வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு சந்து முனையிலேயே நின்றான். என் வீட்டுக்காரர் போய்த் தோளில் கை போட்டு, "வா மச்சான்" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி என் மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கார்பன், டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் சரி. திரும்ப மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கையும் போடச் சொல்லி மீட்டரை வைத்தேன். ஆல்டர்னேட்டரில் பதினாலு வோல்ட் காட்டுகிறது. அதே மீட்டரைப் பேட்டரியில் வைத்தால் பன்னிரண்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கொடுக்கிறவன் ஒழுங்காகக் கொடுக்கிறான், வாங்குகிறவனுக்கு வந்து சேரவில்லை. என்ன அர்த்தம்? நடுவில் ஒருவன் தின்கிறான்.

அந்தக் காலத்து வண்டிகளில் சார்ஜ் ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போகாது. டாஷ்போர்டுக்கு வந்து, ஆம்பியர் மீட்டர் வழியாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகும். வழியில் ஒரு ஃபியூஸ். நான் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். அங்கேதான் மூக்கில் கட்டியிருந்த முந்தானையை வேண்டுமென்றே அவிழ்த்தேன்.

அடித்த நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அது ரப்பர் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, செத்த எலியும் இல்லை. எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த நாற்றம். புடவை வாங்க வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று கடைக்காரர் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி மூக்குக்கு நேரே நீட்டுவாரே, முடி கருகுகிற நாற்றம் வந்தால் சுத்தமான பட்டு என்பாரே, அதேதான்.

கையை விட்டு ஃபியூஸை உருவினேன். ஃபியூஸ் போன இடத்தில் ஜரிகை. அம்மா வீட்டுத் தறியில் மீந்த அசல் ஜரிகை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சாம்பல் தொட்டு உருட்டிப் பிணைத்திருந்தான் தம்பி. தறிப் பாவில் அறுந்த இழையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் பிணைப்பார்கள். வெளியே சுற்றிய வெள்ளியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பட்டு மெல்ல மெல்ல வெந்துகொண்டிருந்தது.

தறிக்காரர் தெருவில் மட்டுமே நடக்கக்கூடிய மடத்தனம் இது. வீட்டு மெயின் கட்டையில் ஃபியூஸ் போனால் கம்பி தேட மாட்டார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஜரிகை இருக்கும், எடுத்துச் சுற்றுவார்கள். வெள்ளியாச்சே, நன்றாக ஓடும் என்று பெருமை வேறு. நன்றாக ஓடுவதற்கா ஃபியூஸ்? அது சாகத்தான் இருக்கிறது. மிஞ்சிப் போகிற கரண்டுக்குத் தன் உயிரைக் கொடுத்து ஒயரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அதைச் சாக விடாமல் செய்தால் அப்புறம் சாகிறது யார்?

வெளியே வந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"அடிக்கடி ஃபியூஸ் போவுதுக்கா. பசங்க நடுரோட்டுல நிக்கறாங்க. அதான் ஸ்டிராங்கா..."

"இதுக்குப் பக்கத்துல இன்னா போவுது தெரியுமா? டீசல் பைப்பு. அதுக்கு மேல இன்னா இருக்குது? ஃபோம் சீட்டு. அதுல யாரு உக்காந்துருக்கறது?"

நான் நிறுத்தவில்லை. சந்தே வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் சொன்னேன். "இன்னொரு தடவ இந்த வண்டியில நான் ஜரிகையைப் பாத்தேன்னா, நீ என் கடப்படி ஏறக் கூடாது. தம்பின்னும் பாக்க மாட்டேன். செத்தாலும் வராத."

என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று இதையெல்லாம் கேட்டார்.

அன்றே வேலையை ஆரம்பித்தோம். சார்ஜ் லைனுக்குத் தடித்த ஒயர் இழுத்து, அதற்குத் தகுந்த ஃபியூஸ் போட்டோம். ஃபேன்களை விட்டுவைத்தேன், அந்தப் பெண்கள் வேர்த்துச் சாகக் கூடாது. ஆம்ப்ளிஃபயர், கூரை விளக்கு, சாமியைச் சுற்றி ஓடுகிற விளக்கு, லாரி ஹாரன், எல்லாவற்றின் ஒயரையும் கத்தரித்தேன். தம்பி ஒவ்வொன்றும் அறுபடும்போது தன் விரலை வெட்டுகிற மாதிரி முகத்தைச் சுளித்தான். பேட்டரி அதற்கப்புறம் ஒருநாளும் சாகவில்லை. நாற்றமும் போய்விட்டது.

ஆனால் பாட்டும் போய்விட்டதே. பெண்கள் முணுமுணுத்தார்கள். பாட்டுப் போடுகிற வேறொரு வேனுக்குச் சில பேர் மாறிப் போனார்கள். இருக்கிற சீட்டும் காலியானால் தம்பி மறுபடி தறிக்குழியில் இறங்க வேண்டியதுதான். அவன் வந்து என் மேஜைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"ஆம்ப்ளிஃபயர் மட்டும் குடுத்துருக்கா. வேற எதுவும் கேக்கல."

"ஒயரு தாங்காது. உள்ள எல்லாத்தையும் உருவிப் புதுசா இழுக்கணும். அதுவரைக்கும் வண்டிய நிறுத்து."

"வண்டிய நிறுத்துனா இருக்கறவங்களும் போயிடுவாங்க."

"போவட்டும்."

அவன் எழுந்து போனான். என் வீட்டுக்காரர் அவன் பின்னாலேயே சந்து முனைவரை போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எப்போதும்போல ஆறுதல் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக நான் ஆற்காடு போய் ஒருநாள் தங்க வேண்டியிருந்தது. கடை அவர் பொறுப்பில் இருந்தது. திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மகள் மட்டும் உற்சாகமாக இருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் மேஜையில் ஒரு காயிலைப் பாதி சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகள்.

"மா, பயப்படாத. வண்டியில பொக வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டோம். ஏனாத்தூர் ரோட்டுலதான் இருக்கோம்."

அவள் குரல் நிதானமாக இருந்தது. பின்னால் யாரோ இருமுகிற சத்தம், யாரோ அழுகிற சத்தம். என் கையிலிருந்த கம்பி நழுவிச் சுருள் சுருளாகத் தரையில் அவிழ்ந்தது. அதை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பயத்தில் இருக்கிறார், மகளாச்சே என்று நினைத்துக்கொண்டேன். அவர் தோளைத் தட்டி, ஒன்றும் ஆகியிருக்காது என்று நானே தேற்றினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

வேன் வயலோரம் சாய்ந்து நின்றது. கதவெல்லாம் திறந்து கிடந்தது, நான் கத்தரித்துவிட்ட ஆம்ப்ளிஃபயரும் கூரை விளக்கும் மறுபடி ஒயரோடு இருந்தன. டாஷ்போர்டு முழுக்கச் சேறும் தண்ணீரும். பெண்களின் தண்ணீர் பாட்டில்களையெல்லாம் வாங்கிக் கொட்டி, போதாமல் வாய்க்கால் மண்ணை வாரி அடித்திருந்தான் தம்பி. முன் சீட்டின் ஃபோம் கருகி உருகிக் கிடந்தது. பெண்களில் சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி செருப்பில்லாமல் நின்றாள், ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றம் ரோடுவரைக்கும் அடித்தது. முடி கருகுகிற நாற்றம்.

என் மகள் ஓரமாக நின்றாள். துப்பட்டாவில் ஓர் ஓட்டை, ஓரம் கருப்பாக. முன் சீட்டில் இருந்தது அவள்தான். சீட் பெல்ட் கொக்கி சூடேறி இருந்ததாம், அதை விடுவித்தபோது உள்ளங்கை வெந்துவிட்டது. கொப்புளம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். 

தம்பி வந்து எதிரே நின்றான். முகமெல்லாம் கரி. நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னான்.

"நான்தாங்க்கா போட்டேன். தப்புதான். நீ இன்னா வேணா சொல்லு."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எங்கள் தெருவில் புழங்குகிற அத்தனை வசவும் நாக்கு நுனிக்கு வந்தாயிற்று. முதலில் அந்த அசிங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திட்டலாம் என்று ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து, சேற்றுக்குள் கையை விட்டு ஃபியூஸை இழுத்தேன். ஜரிகைதான். பாதி தீய்ந்திருந்தது. முந்தானையால் சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

முறுக்கு இல்லை. சாம்பல் தொட்டு உருட்டிய பிணைப்பு இல்லை. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வரிசையாகச் சுற்றியிருந்தது. நுனி எங்கே என்று திருப்பித் திருப்பித் தேடினேன். கிடைக்கவில்லை. சுற்றுக்கு அடியில் செருகி, அந்தப் பக்கம் இழுத்து, ஒட்ட நறுக்கியிருந்தது.

எங்கள் வீட்டுத் துடைப்பத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

நிமிர்ந்தேன். அவர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்கிறவனைத் திட்டலாம், திருத்தலாம். வாழ்நாள் முழுக்க ஒயரோடு புழங்கிய மனுஷன், எது எங்கே எரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தால்கூடப் பரவாயில்லை, விழுந்தவனோடு போகும். இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு மகளைத் தள்ளியிருக்கிறார்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. கெஞ்சினான், மனசு கேட்கவில்லை, போட்டுவிட்டார், அவர் சுபாவம் அது. ஆனால் என் கையில் இருந்தது ஜரிகை. அது ஏன் ஜரிகை?

தம்பியிடம் கேட்டேன். "நீ இவருகிட்ட இன்னா கேட்ட?"

"விடுக்கா."

"இன்னா கேட்ட?"

அவன் தரையைப் பார்த்தான். "தடியா ஒரு கம்பி சுத்திக் குடுங்க மாமான்னுதான் கேட்டேன். மாமாதான் ஜரிகையே இருக்கட்டும்னாரு. ஊட்டுலேர்ந்து எடுத்தாந்தாரு."

மகளின் ஜாக்கெட்டுக்கு வேலைப்பாடு செய்ய நான் அலமாரியில் வைத்திருந்த ஜரிகை நூல்கண்டு அது. கடை முழுக்கத் தாமிரக் கம்பி தொங்குகிறது. மெல்லியது, தடித்தது, எந்த அளவு வேண்டுமானாலும் என் மேஜைக்கு மேலேயே ஆணியில் மாட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து, அலமாரியைத் திறந்து, ஜரிகையை எடுத்து வந்திருக்கிறார். டாஷ்போர்டைத் திறந்து தாமிரத்தைப் பார்த்தால் நான் கடையை நினைப்பேன். ஜரிகையைப் பார்த்தால் தம்பியை நினைப்பேன். செத்தாலும் வராதே என்று நான் சந்தே கேட்கக் கத்தியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். அந்த வார்த்தை யார் தலையில் விழும் என்று தெரிந்தே சுற்றியிருக்கிறார். என் தம்பிக்கும் அது புரிந்திருக்கிறது. புரிந்துதான் கரி முகத்தோடு என் எதிரே வந்து நின்று, நான்தான் போட்டேன் என்றான். இத்தனை வருஷமாக நான் அசிங்கம் அசிங்கம் என்று திட்டிய அந்த மடையன்.

நான் அவர் பக்கத்தில் போனேன். சத்தம் போடவில்லை. அந்தப் பெண்களுக்கு எதிரில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நம்ம கடையில கம்பி இல்லாமப் போச்சா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் சொல்கிற அதே இதமான குரலில் சொன்னார். "சின்ன விசயத்தப் பெருசாக்காதமா. யாருக்கும் ஒன்னும் ஆவல இல்ல."

மகள் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். வெந்த கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். அப்பா பார்த்துவிடக் கூடாது என்று மூடினாளா, பார்க்கிற தகுதி அவருக்கு இல்லை என்று மூடினாளா என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரை அவளைக் கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் நான் ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி அங்கேயே இருந்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே ஆம்ப்ளிஃபயரையும் விளக்குகளையும் பிய்த்து எறிந்திருக்கிறான். வண்டி இப்போது ஒயர் முழுக்கப் புதிதாக மாற்றி ஓடுகிறது. ஒவ்வொரு லைனையும் நானே இழுத்தேன். பாட்டு இல்லை. பாதிப் பேர்தான் வருகிறார்கள், என் மகள் உட்பட. பகலில் வண்டி சும்மா நிற்கிற நேரத்தில் சரக்கு லோடு அடித்து மீதியைச் சமாளிக்கிறான். கடைப்படி ஏறுகிறான். நான் டீ வாங்கித் தருகிறேன்.

வீட்டுக்காரரோடு நான் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு அவர் எதிர்ப்பேச்சு பேச வேண்டும், பேசுகிறவர் இல்லை. ஊரில் இன்னமும் தங்கமானவர்தான். அவர் கழற்றிக் கொடுக்கிற ஆல்டர்னேட்டரை நான் பிரிக்கிறேன், நான் சுற்றிக் கொடுப்பதை அவர் மாட்டுகிறார். ஒரே தட்டில் டீ வருகிறது, ஆளுக்கொரு கிளாஸ் எடுத்துக்கொள்கிறோம். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும்போது, நான் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் முடிச்சுப் போடுகிறார்.